நாலு அங்குலச் சதி

கல்யாணமாகி ஐந்து வருஷமாக வீட்டில் ஒரு முடிவும் எடுக்காத டேப்பு, ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு முடிவெடுத்துவிட்டார். பிறக்கப்போகும் குழந்தைக்கான கட்டிலை அவர்தான் தேர்ந்தெடுப்பார். அவரே போவார், அவரே அளப்பார், அவரே வாங்குவார். வாயில் நுரை இருந்ததால் இதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. வாய் கொப்பளித்த பிறகும் சொல்லவில்லை. மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

டேப்பு என்பது அவருடைய பெயர் அல்ல. சர்வேயர் வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இரும்பு டேப் இருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். தன் கல்யாணத்தன்றே மேடையை அளந்து, வடகிழக்கு மூலை மூன்று அங்குலம் கோணல் என்று கண்டுபிடித்துச் சொன்னவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மனைவியும் லேசுப்பட்டவள் அல்ல. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை ஒதுக்கும் பிரிவில் எழுத்தர். படுக்கைகள் இருநூறு, நோயாளிகள் முந்நூறு. யார் எங்கே படுப்பது என்பதை அவள் பேரேட்டில் எழுதினால் எழுதியதுதான். கோபக்கார டாக்டர்கள் கூட அவள் மேஜைக்கு முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இப்போது எட்டு மாதம். இன்னும் பத்து நாளில் விடுப்பு.

எல்லாவற்றுக்கும் காரணம், முந்தின நாள் சாயங்காலம் நடந்த பேச்சு.

“ஏங்க, குழந்தைக் கட்டில் ஒண்ணு வாங்கணும். நம்ம கட்டிலோட ஒட்டிப் போடுவாங்களே, மூணு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் திறப்பு, அந்த மாதிரி.”

“வாங்கிட்டாப் போச்சு.”

“உங்க பக்கம் போட்டுடலாம்.”

“என் பக்கமா? எதுக்கு?”

“என் முதுகு இருக்கற லட்சணத்துக்குப் பொழுதுக்கும் எழுந்து குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பாப்பா அழுதா நீங்க எடுத்து என் கையில குடுங்க. நான் பால் குடுக்கறேன். அப்புறம் நீங்க துணி மாத்துங்க.”

“நான் எதுக்குத் துணி மாத்தணும்? இது இன்னிக்குப் போட்டதுதானே?”

“பாப்பாவோட துணிங்க.”

டேப்பு “சரி” என்றார். வீட்டில் அவர் எப்போதும் சொல்லும் சொல் அதுதான். ஆனால் அன்றைக்கு அது அரைமனசுச் ‘சரி’. ஏனென்றால் டேப்பு தூக்கத்தில் ஒரு மகான். ஒன்பது மணி நேரம், ஒரே பக்கமாக, ஜன்னல் காற்று முகத்தில் பட, புரளாமல் தூங்குவார். பக்கத்து வீட்டில் ஒருமுறை தீப்பிடித்து, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, தெருவே திரண்டு அணைத்துவிட்டுப் போனது. டேப்பு காலையில் எழுந்து, “என்ன, ஏதோ கருகின வாசனை வருது?” என்று கேட்டார். அந்தத் தூக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் ஆபத்தின் முழு உருவமும் தெரிந்தது. அங்கே வரைபடம் போடுகிறவருக்கு மூன்று மாதம் முன்பு இரட்டைக் குழந்தைகள். மனிதர் ஒரு ஏரியின் வரைபடத்தின் மேலேயே கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டேப்பு தட்டி எழுப்பியபோது ஏரியின் தென்கரை முழுவதும் அவர் கன்னத்தில் பதிந்திருந்தது.

“குழந்தைக் கட்டில் எந்தப் பக்கம் சார் போட்டிருக்கீங்க?” என்று டேப்பு கேட்டார்.

“ரெண்டு பக்கமும்.”

“கடைசியா எப்ப சார் நல்லாத் தூங்கினீங்க?”

“இப்பத்தான். நீங்க வந்து கெடுத்துட்டீங்க.” வரைபடக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. கட்டில் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து ஆளு காலி.”

சொல்லிவிட்டு மறுபடியும் ஏரியில் விழுந்துவிட்டார். டேப்பு அன்றைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். மனைவி வேலையிலிருந்து திரும்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

படுக்கையறையை அளந்தார். அவர் படுப்பது ஜன்னல் பக்கம். கட்டிலுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் இருபத்தோரு அங்குலம். மனைவி படுப்பது கதவுப் பக்கம். அங்கே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருபத்தெட்டு அங்குலம். கட்டிலை நகர்த்தவும் வழியில்லை. போன வருஷம் அது கிறீச்சிடுகிறது என்று மனைவி சொன்னாள் என்பதற்காக, டேப்பு தலைமாட்டுப் பலகையைச் சுவரோடு சேர்த்து நாலு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். இனிமேல் வீடு நகர்ந்தால்தான் கட்டில் நகரும்.

டேப்பின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. இருபத்தோரு அங்குலத்துக்குள் அடங்கும் கட்டில் வாங்கினால் அது ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். அதைவிட அகலமாக ஒன்று வாங்கிவிட்டால்? கதவுப் பக்கம்தான் போட முடியும். மனைவியின் பக்கம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, யார் மேலும் குற்றம் இல்லை. டேப் சொல்கிறது, மனிதன் என்ன செய்வான்?

மனைவி வந்ததும் காபி போட்டுக் கொடுத்தார். அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவள் காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

“கடைக்கு நானே போயிட்டு வந்துடறேன். உனக்கு எதுக்கு இந்த நிலைமைல அலைச்சல்?”

“நீங்களா? தனியாவா?”

“ஏன், நான் கட்டில் வாங்க மாட்டேனா?”

“தாராளமா வாங்குங்க. எங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு கடை இருக்கு, அங்கயே பாருங்க. எந்த மரம்னாலும் சரி, எந்த நிறம்னாலும் சரி. நீங்க பாத்து எது வாங்கினாலும் எனக்குச் சம்மதம்.” காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “அகலமானது மட்டும் வேண்டாங்க. அறையை அடைச்சுக்கும்.”

தன் மனசில் ஓடுவதை இவள் படித்துவிட்டாளா என்று டேப்பு ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பிஸ்கட்டைத் தவிர வேறு கவலை தெரியவில்லை.

அவள் சொன்ன கடைக்கு அன்று சாயங்காலமே போனார். கடைக்காரருக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் போன்ற முகம். குழந்தைச் சாமான்கள் விற்கும் கடையில் அப்படி ஒரு முகம் எப்படி வியாபாரம் செய்கிறது என்று டேப்புக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆறு கட்டில்கள் வரிசையாக நின்றன. டேப்பு டேப்பை இழுத்தார். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது, இருபது, இருபது. எல்லாம் எதிரிகள். ஏழாவது கட்டில் மூலையில், துணி போர்த்தியபடி இருந்தது.

“அது என்ன?”

“அது வேண்டாம் சார்.”

“ஏன்?”

“உங்களுக்குச் சரிப்படாது.”

இத்தனை வருஷ அனுபவத்தில், ஒரு நிலத்தை ‘அது வேண்டாம் சார்’ என்று யாராவது சொன்னால் அங்கேதான் முதலில் அளக்க வேண்டும் என்று டேப்பு கற்றிருந்தார். துணியை விலக்கி அளந்தார். இருபத்தைந்து அங்குலம். ஜன்னல் பக்கத்துக்கு நாலு அங்குலம் அதிகம். கதவுப் பக்கம் மூன்று அங்குலம் மிச்சம். உயரத்தையும் அளந்தார். வீட்டு மெத்தைக்குச் சரிமட்டம். டேப்பு கடைசியாக இவ்வளவு சந்தோஷப்பட்டது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

“இதையே குடுங்க.”

“நல்லா யோசிச்சுக்கோங்க சார். வித்ததைத் திருப்பி எடுக்கற வழக்கம் இல்ல.”

“நான் அளந்து எடுத்த முடிவுங்க.”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே.”

“எங்க வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்!” என்றார் டேப்பு. வீட்டுக்கு வெளியே எங்கும் அவர் இதைத் தைரியமாகச் சொல்வார்.

கடைக்காரர் அதே சோகத்தோடு ரசீது எழுதினார்.

கட்டில் மறுநாள் வந்து இறங்கியது. டேப்பு அதை வேண்டுமென்றே முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். இடித்தார். சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனம் உடைந்தவர் போல நின்றார்.

“நாலே நாலு அங்குலம். நுழைய மாட்டேங்குதே!”

“அகலமானது வேண்டாம்னு சொன்னேன்ல?”

“இருந்ததுலயே இதான் உறுதியான கட்டில். பாப்பா விஷயத்துல நான் விட்டுக்குடுக்க முடியுமா?”

“மாத்தித் தருவாரா?”

“மாட்டாராம். ரசீதுலயே அச்சடிச்சிருக்கு.”

மனைவி இடுப்பில் கைவைத்து அறையை ஒருமுறை பார்த்தாள். “சரி, என்ன பண்றது. கதவுப் பக்கமே போட்டுடுங்க.”

டேப்பு ஓடிப்போய்ப் போட்டார். பெரிய கட்டிலோடு சேர்த்துக் கொக்கிகளையும் மாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அலுவலகத்தில் எல்லை குறித்த பிறகு, பின்னால் தகராறு வராமலிருக்க வரைபடம் போட்டு அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்த வழக்கப்படி ஒரு தாளில் படுக்கையறையை வரைந்தார். ஜன்னல், கதவு, பெரிய கட்டில், அலமாரி, மின்விசிறி, எல்லாம் அளவோடு. கதவுப் பக்கம் சிவப்பு மையில் ‘குழந்தைக் கட்டில்: நிரந்தரம்’ என்று எழுதினார்.

“இது எதுக்குங்க?”

“சும்மா. ஒரு ஒழுங்குக்கு.”

மனைவி தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். அலமாரியின் நீளத்தைக் கூட விரலால் தொட்டுப் பார்த்தாள். “அழகா வரைஞ்சிருக்கீங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். டேப்பு அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, படுக்கையறைச் சுவரிலேயே மாட்டிவிட்டார். அடுத்த சில வாரங்கள் அவர் காற்றில் மிதந்தார். வரைபடக்காரரைப் பார்த்தால் பரிதாபமாகச் சிரித்தார்.

பாப்பா பிறந்தாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தபோது டேப்புக்கு அளக்கத் தோன்றவில்லை. பத்தொன்பதரை அங்குலம் என்று நர்ஸ்தான் சொன்னாள். அப்படியா என்று கூடக் கேட்காமல் அந்தச் சின்ன நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் இதற்கு மேல் தனக்கு எதுவும் வேண்டாம் என்று நினைத்தார். தூக்கத்தைத் தவிர.

நாலாம் நாள் மதியம் வீட்டுக்கு வந்தார்கள். டேப்பு பையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தபோது, குழந்தை புதுக் கட்டிலில் இருந்தாள். மனைவி படுத்திருந்தாள். ஜன்னல் பக்கம்.

“என்னம்மா, இந்தப் பக்கம் படுத்துட்டே?”

“ஏன், இங்க படுக்கக் கூடாதா?”

“அது என் பக்கமாச்சே.”

“யார் சொன்னா?”

டேப்பு திரும்பி, சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். காட்டிய விரல் வழியில் நின்றது. ஜன்னல் இருந்தது. கதவு இருந்தது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் இருந்தன. ஆட்கள் இல்லை. நிலத்தை அளக்கும் வரைபடத்தில் ஆட்களைப் போடும் வழக்கம் கிடையாது.

“குழந்தைக் கட்டில் கதவுப் பக்கம், நிரந்தரம்னுதானே எழுதியிருக்கீங்க? நான் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். அதை மாத்தச் சொல்லவே மாட்டேன்” என்றாள் மனைவி. “எங்க ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான். கட்டில் இருந்த இடத்துலயே இருக்கும். ஆளைத்தான் மாத்துவோம்.”

“ஆனா அஞ்சு வருஷமா நீ கதவுப் பக்கம்...”

“டாக்டரம்மா எழுந்திரிக்காதேன்னு சொல்லியிருக்காங்க. கதவுப் பக்கம் படுத்தா பாப்பாவுக்கும் நானே, துணி அலசவும் நானே, தண்ணி கொண்டுவரவும் நானே. உங்களுக்கு அதுல சம்மதம்னா சொல்லுங்க. இப்பவே தள்ளிப் படுத்துக்கறேன்.”

அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். முகத்தில் ஒரு வலி ஓடியது. அது நடிப்பில்லை. டேப்புக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வேண்டாம், வேண்டாம். நீ படு” என்றார்.

அன்றிலிருந்து டேப்பின் வாழ்க்கை கதவுப் பக்கம் ஓடியது. பாப்பா முனகினால் எழுந்தார். சிணுங்கினால் எழுந்தார். சத்தமே வராவிட்டால், ஏன் வரவில்லை என்று எழுந்தார். தீயணைப்பு வண்டிக்கு எழாத மனிதர் ஒரு தும்மலுக்கு எழுந்தார். எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார், தோளில் போட்டுத் தட்டினார், துணி மாற்றினார். அவர் விரலைப் பாப்பா ஒருமுறை பிடித்துக்கொண்டு விடவில்லை. அரை மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றபடியே இருந்தார். அந்த அரை மணி நேரமும் அவருக்குப் பிடித்திருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கத்திலிருந்து மட்டும் சீராக ஒரு குறட்டை வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நிலத்தை அளக்கப் போன இடத்தில், எல்லைக் கல்லின் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனார். நிலத்துக்காரர் எழுப்பி, “சார், என் நிலம் எதுவரைக்கும்னு கேட்டேன். உங்க கால் வரைக்குமா, தலை வரைக்குமா?” என்று கேட்டார். இனித் தாங்காது என்று டேப்புக்குத் தெரிந்துவிட்டது.

புதுத் திட்டம் உருவானது. கட்டிலைத்தானே கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்? இன்னொன்று வாங்கினால் யார் தடுப்பது? இருபத்தோரு அங்குலத்துக்குள் குறுகலான கட்டில். அதை ஜன்னல் பக்கம் போட்டுவிட்டால் பாப்பா மனைவிக்கு அந்தப் பக்கம், டேப்பு இந்தப் பக்கம். பால் கொடுக்க அவள் எழக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும். அவள் முதுகுக்கும் நல்லது! தன் நல்ல மனசை நினைத்து டேப்புக்கே கண் கலங்கியது. சனிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனார்.

கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க சார். குறுகலான கட்டில்தானே?”

டேப்பு திகைத்துப்போனார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மேடம் நேத்தே போன் பண்ணிட்டாங்க. இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வருவீங்கன்னாங்க. பத்தொன்பது அங்குலம். பெட்டியில கட்டியே வெச்சுட்டேன்.” கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி கயிறு கட்டித் தயாராக நின்றது. மேலே கொட்டை எழுத்தில் 19 என்று எழுதியிருந்தது.

“மேடமா? அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லாக் கேட்டீங்க! என் சம்சாரம் ஆஸ்பத்திரில இருந்தப்ப மேடம்தான் காத்தோட்டமான படுக்கை ஒதுக்கிக் குடுத்தாங்க. அந்த நன்றியை மறப்பேனா?” கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “இனிமே மறைக்கறதுல என்ன இருக்கு. அந்த இருபத்தஞ்சு அங்குலத்தைக் கூட அவங்க உங்களுக்கு முன்னாடியே வந்து பாத்து வெச்சதுதான். துணி போட்டு மூடுங்க, வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லுங்க, அவரே பிடிவாதமா வாங்குவாருன்னாங்க. அப்படியே நடந்துச்சு. என்ன மூளை சார் அவங்களுக்கு!”

டேப்பு கடையிலிருந்த மரக்குதிரையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது ஆடியது. அவரும் ஆடினார். துணி, சோகமான முகம், ‘அகலமானது மட்டும் வேண்டாங்க’, நனைந்த பிஸ்கட், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து கன்னத்தில் அறைந்தன.

ஆடி முடிந்தபோது மூளை சுறுசுறுப்பானது. முதல் தடவை அவள் நினைத்ததை அவர் வாங்கினார், மாட்டிக்கொண்டார். இப்போதும் அவள்தான் இந்தப் பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இதை அவர் வாங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இதற்குள் என்ன கண்ணி வைத்திருக்கிறாளோ! ஒரே ஆளை இரண்டு தடவை ஏமாற்ற முடியுமா? டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. பெட்டியைத் தொடக்கூட இல்லை.

“எனக்கு வேண்டாம்!”

“நல்லா யோசிச்சுக்கோங்க சார்.”

“இந்தத் தடவை யோசிச்சுத்தான் சொல்றேன்!”

நிமிர்ந்த நெஞ்சோடு வீட்டுக்கு வந்தார். மனைவி ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, பாப்பாவின் குட்டித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கங்க போயிட்டு வரீங்க?”

“கடைக்கு. உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

“அப்படியா? குறுகலான கட்டிலை வாங்கிட்டீங்களா?”

“வாங்குவேன்னுதானே எதிர்பார்த்தே?” டேப்பு கதவில் சாய்ந்து, ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தார். “வாங்கலை! நீ விரிச்ச வலைல ஒரு தடவை விழுவேன். ரெண்டாவது தடவை விழ மாட்டேன். அந்த அகலக் கட்டில் அங்கேயே இருக்கட்டும். நானும் இந்தப் பக்கமே படுத்துக்கறேன். இப்ப என்ன பண்ணுவே?”

அகலக் கட்டிலில் பாப்பா விழித்துக்கொண்டு வீறிட்டாள். டேப்பு வெற்றிச் சிரிப்பு மாறாமலே போய், அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மனைவி உலர்ந்த துணி ஒன்றை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“நல்லவேளை, நீங்க அந்தப் பெட்டியைத் தூக்கிப் பாக்கலை. குறுகலான கட்டிலெல்லாம் போன வாரமே தீந்துபோச்சாம். இல்லைன்னு சொன்னா வேற கடைக்குப் போயிடுவீங்களே! அது வெறும் பெட்டி.”